இன்வேலிட் டைப் கோட் ஏசி: பத்து மாத பில் கோப்பு போச்சா?

கேள்வி, ஏப்ரல் 6

அப்பாவின் ஹார்டுவேர் கடைக்கு ஜாவாவில் ஒரு பில் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு பில்லும் ஒரு ஆப்ஜெக்ட். சீரியலைஸ் செய்து, அதாவது பைட்டுகளாக்கி, ஒரே கோப்பின் வாலில் சேர்த்துக்கொண்டே போகும். பத்து மாதமாக ஒரு தொந்தரவும் இல்லை. ஆடிட்டர் வருடக் கணக்கு கேட்கிறார் என்று இப்போதுதான் முதல்முறையாக எல்லாவற்றையும் திரும்பப் படிக்கிறேன். முதல் நாள் பில்கள் 23 மட்டும் வருகின்றன. அப்புறம் ஒரு பிழை: ஸ்ட்ரீம் கரப்டட் எக்செப்ஷன், இன்வேலிட் டைப் கோட்: ஏசி (AC). கோப்பின் அளவு சரியாகத்தான் இருக்கிறது. கெட்டுப்போன பில்லை மட்டும் ட்ரை-கேட்ச் (பிழையைப் பிடிக்கும் நிரல்) போட்டுத் தாண்டி அடுத்ததைப் படிப்பது எப்படி?

பதில், ஏப்ரல் 6, இரவு

கேட்ச்சை லூப்புக்கு வெளியே வைத்திருப்பீர்கள். உள்ளே கொண்டுவந்து, பிழை வந்தால் கன்டினியூ கொடுங்கள். கெட்டது போகும், மற்றது வரும்.

ஏப்ரல் 7, காலை

நேற்று எழுதியதை யாரும் செய்துவிட வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன். படுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது, இதே தப்பை நானே ஒருமுறை செய்து, ராத்திரி முழுக்க ஓடவிட்டு, காலையில் வந்து பார்த்தால் லாக் கோப்பு டிஸ்க்கை நிரப்பியிருந்தது. ஒரே பிழை, லட்சக்கணக்கான தடவை.

காரணம் இதுதான். கோப்பைப் படிக்கும் ஆப்ஜெக்ட் இன்புட் ஸ்ட்ரீம் (சுருக்கமாக ரீடர்) அடுத்து என்ன வருகிறது என்று ஒரு பைட்டை எட்டிப் பார்க்கும். தெரிந்த குறியாக இருந்தால் எடுத்துக்கொள்ளும். தெரியாததாக இருந்தால் பிழையை வீசும், ஆனால் அந்த பைட்டை எடுக்காது. நீங்கள் கன்டினியூ கொடுத்து மறுபடி கேட்டால், மறுபடி அதே பைட், மறுபடி அதே பிழை. வாசலில் செருப்பு கிடக்கிறதே என்று வீட்டுக்குள் போகாமல் நிற்கிற ஆள் மாதிரி.

ஜாவா ஆவணமும் இதைப் பட்டவர்த்தனமாகவே சொல்கிறது: ரீட் ஆப்ஜெக்ட்டில் எந்தப் பிழை வந்தாலும் அந்த ஸ்ட்ரீமின் கதை முடிந்தது, அதன் நிலை இன்னது என்று சொல்ல முடியாது. வரிவரியாக எழுதிய கோப்பில் ஒரு வரி கெட்டால் அடுத்த வரிக்குத் தாவலாம். இதில் ‘அடுத்த ஆப்ஜெக்ட் இங்கே தொடங்குகிறது’ என்று ஊன்றிய கல் எதுவும் கிடையாது. முன்னது எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் பின்னது எங்கே என்று தெரியும்.

ஏப்ரல் 7, மதியம்

சாப்பிடும்போதுதான் கேள்வியையே சரியாகப் படித்தேன். ‘ஏசி’ என்றால் ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். சிரித்தேன். ஆனால் விடையே அந்த இரண்டு எழுத்தில்தான் இருக்கிறது.

ஜாவா சீரியலைஸ் செய்த எந்தக் கோப்பும் நான்கு பைட்டில் தொடங்கும். ஹெக்ஸில் (பதினாறு அடிப்படை எண்முறை, 9-க்குப் பின் ஆங்கில A முதல் F வரை இலக்கம்) ஏசி இடி 00 05, அதாவது AC ED 00 05. முதல் இரண்டும் அடையாளம், அடுத்த இரண்டும் பதிப்பு எண். 1997-இல் ஜாவா 1.1-இல் வந்ததிலிருந்து இந்தத் தலைப்பு மாறவில்லை. அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு பொருளும் ஒரு குறி பைட்டோடு வரும். 70 என்றால் நல் (ஒன்றுமில்லை), 71 என்றால் முன்பே எழுதியதற்குச் சுட்டு, 73 புது ஆப்ஜெக்ட், 74 சரம் (எழுத்துத் தொடர்), 75 அணி (அர்ரே). இப்படி 70-இலிருந்து 7இ (7E) வரைதான் செல்லும். வேறு எது வந்தாலும் இன்வேலிட் டைப் கோட்.

ஆக, உங்கள் கோப்பின் நடுவில் ஏசி வந்திருக்கிறது. அது குப்பை அல்ல, இரண்டாம் நாளின் தலைப்பு. தினமும் காலையில் புரோகிராம் திறக்கும்போது கோப்பை அப்பெண்ட் முறையில் (வாலில் சேர்க்கும் முறை) திறந்து, எழுதுவதற்குப் புது ஆப்ஜெக்ட் அவுட்புட் ஸ்ட்ரீம் உருவாக்குகிறீர்கள். அது உருவான கையோடு நான்கு பைட் தலைப்பை எழுதிவிடும், கோப்பில் ஏற்கெனவே எழுத்து இருக்கிறதா என்று கவலைப்படாது.

ஒரு பில்கூடக் கெடவில்லை தம்பி. பதற வேண்டாம். கோப்பை இரண்டு இடத்தில் நகலெடுத்து வையுங்கள், ஒரிஜினலைத் தொடாதீர்கள்.

ஏப்ரல் 8

மீட்கும் வழி. கோப்பை வெறும் பைட் அணியாக மொத்தமாகப் படியுங்கள், பத்து மாத பில் சில எம்பிதான் இருக்கும். ஏசி இடி 00 05 எங்கெங்கே வருகிறது என்று தேடி, அந்த இடங்களில் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு நாளின் முழு ஸ்ட்ரீம். ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒரு ரீடர் திறந்து, முடியும் வரை படியுங்கள். ஒரு துண்டு கெட்டிருந்தால் அந்த நாளோடு போகும், அடுத்த நாளைத் தொடாது. முதல் நாள் நான் சொன்ன ‘கேட்ச் போட்டு அடுத்ததற்குப் போ’ என்பது இங்கேதான் பொருந்தும், பில் மட்டத்தில் அல்ல, துண்டு மட்டத்தில்.

இனிமேல் எழுதுவதற்கு: ஆப்ஜெக்ட் அவுட்புட் ஸ்ட்ரீமை நீட்டித்து ஒரு வகுப்பு (கிளாஸ்) எழுதி, ரைட் ஸ்ட்ரீம் ஹெடர் என்ற மெத்தடில் தலைப்புக்குப் பதிலாக ரீசெட்டைக் கூப்பிடுங்கள். கோப்பு காலியாக இருந்தால் சாதாரண வகுப்பு, இல்லாவிட்டால் இந்த வகுப்பு. ரீசெட் 79 என்ற ஒற்றை பைட்டை எழுதும், ‘இதுவரை எழுதியதை மறந்துவிடு’ என்று ரீடருக்கு அது புரியும்.

ரீசெட் பற்றி இன்னொன்று. ஒரே ஸ்ட்ரீமில் ஒரு பில்லை எழுதிவிட்டு, அதே ஆப்ஜெக்ட்டில் தொகையைத் திருத்தி மறுபடி எழுதினால், திருத்திய தொகை போகாது. ‘முன்பே எழுதியதுதான்’ என்று 71 குறியோடு ஒரு சுட்டு மட்டும் போகும். படிக்கும்போது பழைய தொகையே இரண்டு தடவை வரும். பிழை ஒன்றும் காட்டாது. உங்கள் புரோகிராமில் பில் திருத்தும் வசதி இருந்தால் இன்றைக்கே பாருங்கள்.

ஏப்ரல் 8, இரவு

‘அந்த நான்கு பைட்டும் பில்லின் உள்ளேயே தற்செயலாக வந்தால் தப்பான இடத்தில் வெட்டிவிடுவோமே’ என்று ஒருவர் மடக்குகிறார். நல்ல கேள்வி. வாடிக்கையாளர் பெயர், பொருள் பெயர் போன்ற சரங்களுக்குள் வரவே முடியாது. ஜாவா சரத்தை யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளை பைட்டாக்கும் முறை) போன்ற ஒரு முறையில் எழுதுகிறது. அதில் இடி என்பது மூன்று பைட் எழுத்தின் முதல் பைட், அதன் பின்னால் 80-க்கு மேற்பட்ட பைட்தான் வர வேண்டும். 00 வராது. எண்களுக்குள் வரலாம், 400 கோடிச் சொச்சத்தில் ஒரு வாய்ப்பு. வந்தால் அந்த ஒரு துண்டு படிக்காது, கையால் ஒட்டிக்கொள்ளலாம். ஹார்டுவேர் கடையில் 290 கோடி ரூபாய்க்கு ஆணி விற்றால்தான் தொகையில் அந்த பைட் வரிசை கிடைக்கும் என்று எழுத வந்தேன். அதுவும் சாதாரண முழு எண்ணில் கிடைக்காது, ஏசி என்று தொடங்கினால் அது மைனஸ் எண்.

ஏப்ரல் 10

பிழைச் செய்தியில் வரும் ஹெக்ஸ் எண்ணை யாரும் படிப்பதே இல்லை. கூகுளில் ஒட்டிவிட்டு முதல் விடையைச் செய்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான். கைரேகை மாதிரி அதைப் படிக்கப் பழகினால் பாதி வேலை குறையும். நான் பார்த்தவை:

‘இன்வேலிட் ஸ்ட்ரீம் ஹெடர்: ஈஎஃப் பிஎஃப் பிடி ஈஎஃப்’ (EF BF BD EF). யாரோ பைட்டுகளை சரமாக மாற்றி, மறுபடி பைட்டாக்கியிருக்கிறார்கள். யூடிஎஃப்-8-க்குப் புரியாத ஒவ்வொரு பைட்டுக்கும் பதிலாக அந்தக் கறுப்பு வைரக் கேள்விக்குறி உட்காரும். அது மூன்று பைட்: ஈஎஃப் பிஎஃப் பிடி. இது உண்மையிலேயே போனது போனதுதான். ஏசியும் இடியும் இரண்டுமே ஒரே கேள்விக்குறியாகிவிட்ட பிறகு எது எது என்று யார் சொல்வது? மேவன் (ஜாவா நிரலைக் கட்டும் கருவி) வைத்திருப்பவர்கள், கோப்புக்குள் சொற்களை மாற்றும் ரிசோர்ஸ் ஃபில்டரிங் பைனரி கோப்புகளையும் தொடுகிறதா என்று பாருங்கள், எனக்கு ஒரு வாரம் அதில்தான் போனது.

‘73 71 00 7இ’. சாக்கெட்டில் (இரு நிரல்களுக்கு நடுவிலான நெட்வொர்க் இணைப்பில்) ஒவ்வொரு செய்திக்கும் புது ரீடர் திறப்பவர்களுக்கு வரும். புது ஆப்ஜெக்ட், அதன் வகுப்பு ‘முன்பே சொன்னதுதான்’ என்கிற சுட்டு. முன்பே சொன்னதைக் கேட்ட ரீடரை நீங்கள் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். இணைப்புக்கு ஒரு ரீடர், ஒரு ரைட்டர், அவ்வளவுதான்.

‘3சி 21 44 4எஃப்’. எச்டிஎம்எல் பக்கத்தின் முதல் நான்கு எழுத்து. கோப்பைப் பதிவிறக்கியதாக நினைத்து லாகின் பக்கத்தையோ 404 பக்கத்தையோ சேமித்து வைத்திருக்கிறீர்கள்.

‘டைப் கோட்: 00’. இதுதான் எனக்குப் பிடிக்காதது. பெரும்பாலும் கரண்ட் போயிருக்கும். கோப்பின் நீளம் டிஸ்க்கில் பதிந்துவிட்டது, உள்ளடக்கம் பதியவில்லை, அந்த இடம் முழுக்கச் சுழியம்.

ஏப்ரல் 11

இன்வேலிட் கிளாஸ் எக்செப்ஷன் வருகிறது, அதுவும் கெட்ட தரவுதானே என்று இன்னொருவர். இல்லை. தரவு நன்றாக இருக்கிறது, நீங்கள் வகுப்பை மாற்றிவிட்டீர்கள். செய்தியிலேயே இரண்டு நீள எண்கள் இருக்கும். ஸ்ட்ரீமில் இருக்கிற எண்ணை எடுத்து, வகுப்பின் பதிப்பு எண்ணான சீரியல் வெர்ஷன் யூஐடியாகப் போடுங்கள். புதிதாகச் சேர்த்த இடங்கள் சுழியமாகவோ நல்லாகவோ வரும். ஒரு ஃபீல்டின் வகையையே மாற்றியிருந்தால் இது உதவாது.

ஏப்ரல் 13

பிழை வந்தால் நல்ல காலம் என்றே சொல்வேன். என்னைத் தூங்கவிடாதது பிழை வராத கேடு.

பல வருடத்துக்கு முன்னால், ஒரு மொத்த வியாபாரியின் கணக்கு. தரவை பென் டிரைவில் எடுத்துக்கொண்டுபோய் இன்னொரு கணினியில் திறப்பார்கள். ஒருநாள் ஒரு பில் 1,35,322 ரூபாய் என்று காட்டியது. கையில் இருந்த காகிதத்தில் 4,250. எல்லாப் பில்லும் சிக்கலில்லாமல் படித்தது, ஒரு எக்செப்ஷன்கூட இல்லை. வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தேன்: 1,31,072. கம்ப்யூட்டர்காரர்களுக்கு அந்த எண் பழக்கம், இரண்டின் 17-ஆம் அடுக்கு. ஒரே ஒரு பிட் புரண்டிருக்கிறது. மொத்தக் கோப்பில் ஒரு பிட்.

ஜாவா சீரியலைசேஷனில் செக்சம் (தரவு மாறியதா என்று சரிபார்க்கும் எண்) எதுவும் கிடையாது. எண்ணுக்குள் என்ன எண் இருந்தாலும் அதற்கு அது சரிதான். அந்த பிட் குறி பைட்டில் புரண்டிருந்தால் பிழை வந்திருக்கும். தொகையில் புரண்டதால் கடன் வந்தது. வியாபாரி என்னைத் திட்டவில்லை, ‘தம்பி, இது மாதிரி வேற எத்தனை இருக்கு?’ என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதே பிட் ஒரு அணியின் நீளத்தில் புரண்டால் வேறு வேடிக்கை. 20 உருப்படி உள்ள முழு எண் அணி, மேலிருந்து இரண்டாவது பிட் மாறினால் 107,37,41,844 உருப்படி. ரீடர் நம்பி 4 ஜிபி இடம் கேட்கும். அவுட் ஆஃப் மெமரி எரர். கவனியுங்கள், அது எக்செப்ஷன் அல்ல, எரர். கேட்ச் எக்செப்ஷன் என்று எழுதியவர்கள் பிடிக்க மாட்டார்கள், புரோகிராம் சாயும், காரணம் மெமரி போதவில்லை என்று நினைத்துப் புது ரேம் வாங்குவார்கள். வாங்கினவரை எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி. கம்ப்யூட்டரைத் தொடவில்லை, இதைத் தவிர.

ஏப்ரல் 15

பிஎச்பி ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். சேமித்த தரவை அன்சீரியலைஸ் செய்து, அதாவது திரும்பப் படித்து எடுத்தால், ‘எரர் அட் ஆஃப்செட்’ என்று வருகிறதாம், தமிழ்த் தளத்தில் மட்டும்.

பிஎச்பி சரத்தைச் சேமிக்கும்போது நீளத்தையும் முன்னால் எழுதிவைக்கும். அது எழுத்துக் கணக்கு அல்ல, பைட் கணக்கு. ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு நாம் மூன்று எழுத்து என்போம். யூனிகோடு ஐந்து என்கும். பிஎச்பி 15 என்று எழுதும். இப்போது தளத்தை எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றுகிறேன் என்று டேட்டாபேஸ் முழுக்கத் தேடி மாற்றினால், ஒவ்வொரு சரமும் ஒரு பைட் நீளும், முன்னால் எழுதிய எண் பழையதாகவே நிற்கும். அவ்வளவுதான், அன்சீரியலைஸ் ஃபால்ஸ் தரும். வேர்ட்பிரஸ்ஸில் விட்ஜெட்கள் மாயமாவது இப்படித்தான். அதற்கென்று உள்ள டபிள்யூபி-சிஎல்ஐ கருவியில் தேடி மாற்றினால் நீளத்தையும் சேர்த்துத் திருத்தும்.

தமிழுக்கு இன்னொரு குழி. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் டெக்ஸ்ட் வகை நெடுவரிசை 65,535 பைட்தான் தாங்கும். ஒரு யூனிகோடு குறிக்கு மூன்று பைட் வீதம் நமக்கு 21,845 குறி. ஆங்கிலத் தளத்தில் ஓடிய அதே நிரல் தமிழில் மூன்றில் ஒரு பங்கு தூரத்திலேயே நிரம்பிவிடும். பழைய, கண்டிப்பில்லாத அமைப்பில் மைஎஸ்கியூஎல் மிச்சத்தை வெட்டிவிட்டு, எச்சரிக்கை ஒன்றை மட்டும் முணுமுணுத்துவிட்டுப் போய்விடும். எழுதும்போது யாரும் கவனிப்பதில்லை. படிக்கும்போது வால் இல்லை.

அன்சீரியலைஸ் ஃபால்ஸ் தந்தால் பிழை என்று எழுதுகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: சேமித்ததே ஃபால்ஸாக இருந்தாலும் ஃபால்ஸ்தான் வரும்.

ஏப்ரல் 16

பைத்தான்காரருக்குச் சுருக்கமாக, அங்கே சீரியலைஸ் செய்வதற்குப் பெயர் பிக்கிள். ‘ரேன் அவுட் ஆஃப் இன்புட்’ வந்தால் கோப்பு காலி. படிக்கும் முன்னால் நீங்களே எங்காவது எழுதும் முறையில் திறந்திருப்பீர்கள், திறந்த நொடியே அது பூஜ்யமாகும். ‘இன்வேலிட் லோட் கீ’க்குப் பின்னால் ஆங்கில ‘வி’ இருந்தால் பெரிய கோப்புகளைத் தனியாக வைக்கும் கிட் எல்எஃப்எஸ்ஸின் முகவரிச் சீட்டைக் கோப்பு என்று நினைத்துத் திறக்கிறீர்கள், உண்மைக் கோப்பு இன்னும் இறங்கவில்லை. அந்தச் சீட்டின் முதல் சொல் ‘வெர்ஷன்’.

கேட்ச்சில் அன்பிக்ளிங் எரர் மட்டும் போட்டால் போதாது. கெட்ட பிக்கிளிலிருந்து ஆட்ரிபியூட் எரர், இம்போர்ட் எரர், இண்டெக்ஸ் எரர் எல்லாம் வரலாம் என்று பைத்தான் ஆவணமே சொல்கிறது.

ஏப்ரல் 17

‘எல்லா எக்செப்ஷனையும் பிடித்துவிட்டால் எங்கிருந்து வந்த கோப்பையும் தைரியமாகத் திறக்கலாம்’ என்று ஒருவர். ஐயா, வேண்டாம். கெட்டுப்போன கோப்பு வேறு, கெடுக்க வந்த கோப்பு வேறு. 2015 ஜனவரியில் கிறிஸ் ஃப்ரோஹாஃப், கேப்ரியல் லாரன்ஸ் இருவரும் ஒரு மாநாட்டில் காட்டியது இதைத்தான்: ஆப்ஜெக்ட் படித்து முடிவதற்குள்ளேயே வந்தவனின் கட்டளை ஓடிவிடும். அதற்கப்புறம் வகை மாற்றத்தில் கிளாஸ் காஸ்ட் எக்செப்ஷன் வரும், நீங்கள் அதைப் பொறுப்பாகப் பிடித்து லாக்கில் எழுதுவீர்கள். திருடன் போன பிறகு கதவைச் சாத்தின கதை. ஜாவா 9-இல் வந்த ஃபில்டர் எந்தெந்த வகுப்பைப் படிக்கலாம், அணி எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று முன்கூட்டியே வரம்பு போட விடும். 13-ஆம் தேதி சொன்ன 4 ஜிபி அணியையும் அது வாசலிலேயே நிறுத்தும். அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 19

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் தன் நிரலை அனுப்பியிருந்தார். பார்த்துக்கொண்டே வந்தேன். ஈஓஎஃப் (கோப்பு முடிந்தது) எக்செப்ஷன் வந்தால் லூப்பை முடிக்கிறார். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறோம், நானும் பாடம் நடத்தியபோது அப்படித்தான் போர்டில் எழுதினேன். ஆனால் கோப்பு ஒழுங்காக முடிந்தாலும் ஈஓஎஃப், கடைசி பில்லின் பாதியில் கரண்ட் போய் அறுந்திருந்தாலும் ஈஓஎஃப். இரண்டும் ஒரே மணிச்சத்தம். அறுந்த பில் சத்தமில்லாமல் காணாமல்போகும்.

அதனால் இப்போது நான் எழுதுகிற முறை: ஒவ்வொரு பில்லையும் தனியாக ஒரு பைட் அணிக்குச் சீரியலைஸ் செய்து, முன்னால் அதன் நீளம், பின்னால் சிஆர்சி-32 என்ற செக்சம். இந்த இரண்டுக்கும் சேர்த்து பில்லுக்கு எட்டு பைட் செலவு. பிட் புரண்டால் தெரியும், பாதியில் அறுந்தால் தெரியும், ஒன்று கெட்டால் அடுத்ததற்குத் தாவவும் முடியும். முதல் நாள் அவர் கேட்டது இதைத்தானே. படிக்கும் பக்கம் கேட்டார், வழி எழுதும் பக்கம் இருந்தது. நீளமே கெட்டுப்போனால் தாவ முடியாது என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், அதற்காக ஒவ்வொரு பதிவின் முகப்பிலும் ஓர் அடையாள பைட் வரிசை வைப்பேன்.

கோப்பை முழுதாகத் திரும்ப எழுதுகிறவர்கள் பழையதன் மேலேயே எழுத வேண்டாம். பக்கத்தில் தற்காலிகக் கோப்பு, எழுதி முடித்து ஃபோர்ஸ் (டிஸ்க்கிலேயே பதியவைக்கும் கட்டளை), அப்புறம் பெயர் மாற்றம். ஃப்ளஷ் போதாது, அது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கையில் கொடுப்பதோடு சரி. 2009-இல் லினக்ஸில் எக்ஸ்ட்-4 என்ற கோப்பு முறைமை புதிதாக வந்தபோது ஃபோர்ஸ் செய்யாத நிரல்களின் கோப்புகள் மெஷின் விழுந்தெழுந்தால் பூஜ்ய நீளமாகக் கிடந்து பெரிய சண்டையே நடந்தது. கோப்பு முறைமையின் தப்பா, நிரல் எழுதியவன் தப்பா என்று. நான் அப்போது கோப்பு முறைமையைத்தான் திட்டினேன்.

ஏப்ரல் 20

தலைப்பு பைட் பற்றிப் பேசியதால் பிஎன்ஜி படக் கோப்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதன் முதல் எட்டு பைட், இம்முறை சாதாரணப் பதின்ம எண்ணில்: 137 80 78 71 13 10 26 10. நடுவில் மூன்று அதன் பெயர். 137 எதற்கு? எட்டாவது பிட்டை உரித்துவிடும் பழைய இணைப்பில் வந்தால் அது 9 ஆகிவிடும், உடனே தெரியும். 13 10 சேர்ந்து நிற்பது, எஃப்டிபியில் டெக்ஸ்ட் முறையில் அனுப்பி வரிமுடிவை மாற்றினால் கண்டுபிடிக்க. கடைசி 10, அதே மாற்றம் எதிர்த்திசையில் நடந்தால் பிடிக்க. 26, டாஸில் டைப் கட்டளை கொடுத்தால் திரையில் குப்பை கொட்டாமல் நிற்க. எட்டே பைட்டில் எத்தனை பட்டறிவு! ஏசி இடியில் முதல் சோதனை மட்டும் இருக்கிறது.

ஏப்ரல் 22

கேள்வி கேட்டவர் கோப்பை வெட்டிப் படித்துவிட்டாராம். 263 துண்டு. ஒரு துண்டின் வால் மட்டும் சுழியம், நவம்பரில் ஒரு மழை நாள். அன்றைய கடைசி பில்லைக் கார்பன் நகலிலிருந்து கையால் ஏற்றினார்கள். ஆடிட்டருக்குக் கணக்கு போய்விட்டது.

மூன்று துண்டுகளில் வெறும் நான்கு பைட்தான் இருக்கிறது, அது கெட்டதா என்று கேட்டிருந்தார். இல்லை. புரோகிராமைத் திறந்து, ஒரு பில்லும் போடாமல் மூடினால் தலைப்பு மட்டும் நிற்கும். முன்னும் பின்னும் உள்ள துண்டுகளின் தேதியைப் பாருங்கள் என்றேன். மூன்றுமே சனிக்கிழமை கடைசி பில்லுக்கும் திங்கட்கிழமை முதல் பில்லுக்கும் நடுவில் இருக்கின்றன. கடைக்கு ஞாயிறு விடுமுறை. சாவி அப்பாவிடமும் தம்பியிடமும் மட்டும்தான் உண்டாம். அப்பா இப்போது தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார்.